ரேஸ் ஸ்லெட் மூக்கை இழுக்கிறது, எந்த ஸ்கீ வாங்கலாம்?

நவம்பர் 19, காலை. வந்த கேள்வி

"போன வசந்தத்தில் 600 சிசி ரேஸ் ஸ்லெட் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி, ஸ்னோமொபைல்) ஒன்று வாங்கினேன். இரண்டு சீசன் பந்தயத்தில் ஓடியது. ஜனவரியில் வடமேற்கு மினசோட்டாவில் கிராஸ் கன்ட்ரி, புதியவர்கள் பிரிவில் ஓட்டப் போகிறேன். பாதித் தூரம் சாலையோரப் பள்ளம், மீதி ஏரி. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டினால் மூக்கு இடமும் வலமுமாகப் பாய்கிறது, பிடிக்க முடியவில்லை. ஆழமான கீல் (அடியில் நீளவாக்கில் இறங்கும் முகடு) உள்ள அகல ஸ்கீயும் (முன்பக்கச் சறுக்குப் பலகை), அதன் அடியில் மாட்டும் 8 அங்குல கார்பைடு பட்டையும் போட்டால் சரியாகும் என்கிறார்கள். 500 டாலருக்கு மேல் ஆகும். வாங்கலாமா?"

நவம்பர் 19, இரவு

இன்னும் வாங்காதீர்கள். ஸ்லெட்டின் முன்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டை மேல் நிறுத்துங்கள். ஒரு ஆள் ஹேண்டில்பாரை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் ஸ்கீயின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஹேண்டில் அசையாமல் ஸ்கீ மட்டும் ஒரு விரல் அகலம் ஆடினால் உங்கள் பணம் போக வேண்டிய இடம் ஸ்கீ இல்லை. டை ராட் (ஹேண்டிலின் திருப்பத்தை ஸ்கீக்குக் கொண்டுபோகும் தண்டு) முனை, ஸ்பிண்டில் (ஸ்கீயைத் தாங்கித் திரும்பும் தண்டு) புஷ், ஸ்கீ போல்ட்டைச் சுற்றியிருக்கிற புஷ், இந்த மூன்றையும் பாருங்கள். இரண்டு சீசன் பந்தயம் ஓடிய ஸ்லெட்டில் இதில் ஒன்றாவது தேய்ந்திருக்கும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆறு குளிர்காலத்துக்கு முன்னால் என் முதல் ரேஸ் ஸ்லெட்டும் இப்படித்தான் பாய்ந்தது. நானும் இதே ஆழமான கீல், இதே 8 அங்குலம் வாங்கிப் போட்டேன். அதுவரை அலைந்துகொண்டிருந்த ஸ்லெட் அப்புறம் பலத்தோடு இழுக்க ஆரம்பித்தது, ஏனென்றால் பிடிப்பு கூடினால் தப்பான பக்கம் இழுக்கிற பலமும் சேர்ந்துதான் கூடும். முப்பது மைல் தாண்டுவதற்குள் முன்கை இரண்டும் இறுகி, பிரேக் லிவரில் விரல் மடங்கவில்லை. அந்தப் பந்தயத்தைப் பாதியில் விட்டேன். அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நவம்பர் 20

ஏன் பாய்கிறது என்று கேட்டீர்கள். மளிகைக் கடைத் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கும் தண்டுக்குப் பின்னால் சக்கரம் தரையைத் தொடுகிற வரைக்கும் அது தானாக நேராகும். வண்டியைப் பின்னால் இழுத்தால் சக்கரம் தண்டுக்கு முன்னால் வந்துவிடும், உடனே துள்ளித் திரும்பும். ஸ்கீயும் அப்படித்தான். ஸ்பிண்டிலின் நேர்கீழே அல்லது கொஞ்சம் பின்னால் கார்பைடு அழுந்தினால் ஸ்லெட் நேராகப் போகும். அழுத்தம் முன்னால் போய்விட்டால் ஒவ்வொரு பழைய தடமும் ஸ்கீயைத் தன் பக்கம் இழுக்கும், ஹேண்டில்பாரில் நீங்கள் மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

எங்கே அழுந்துகிறது என்று பார்க்க ஒரு காகிதம் போதும். சமமான சிமென்ட் தரை, ஸ்லெட்டின் மேல் ஓட்டுகிற ஆள் பந்தய உடுப்போடு உட்கார வேண்டும். கடை ரசீது மாதிரி மெல்லிய துண்டை எடுத்து, கீழே குனிந்து, கார்பைடு பட்டைக்கு அடியில் முன்பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். நிற்கிற இடத்தில் ஸ்கீயின் பக்கவாட்டில் மார்க்கரால் கோடு போடுங்கள். பிறகு பின்பக்கத்திலிருந்து அதே மாதிரி. இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் ஸ்கீ தரையைத் தொடுகிறது. அந்த நடுப்பகுதி ஸ்கீ போல்ட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். என் ஸ்லெட்டில் அன்றைக்கு முன்கோடு போல்ட்டுக்கு ஒரு சாண் முன்னால், பின்கோடு போல்ட்டுக்கு நேர்கீழே. அதாவது முழு எடையும் முன்னால். புது ஸ்கீ வாங்கிய கணத்திலிருந்து அப்படியே இருந்திருக்கிறது, நான் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

முன்னால் இருந்தால் ஸ்பிண்டிலுக்கும் ஸ்கீக்கும் நடுவிலுள்ள ரப்பரின் முன்பக்கத்தில் ஷிம் (உயரம் கொடுக்கும் மெல்லிய துண்டு) வையுங்கள்.

நவம்பர் 21

நேற்று எழுதிய கடைசி வரி தவறு, யாரும் அப்படிச் செய்துவிட வேண்டாம். ஷிம் வைக்க வேண்டியது ரப்பரின் பின்பக்கத்தில். கராஜுக்குப் போய் ஸ்கீயைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பின்பக்கம் தடித்தால் ஸ்கீயின் வால் கீழே தள்ளப்படும், நுனி மேலே எழும், அழுத்தம் பின்னால் நகரும். முன்பக்கம் வைத்தால் நுனி இன்னும் குத்தும், பாய்ச்சல் அதிகமாகும்.

ஷிம்முக்குப் பழைய டிராக் (பின்னால் சுற்றி ஸ்லெட்டைத் தள்ளும் பட்டை) ரப்பரிலிருந்து வெட்டிய 3 மில்லிமீட்டர் துண்டு போதும். ஒரேயடியாக 6 மில்லிமீட்டர் வைத்தால் நுனி தூக்கிக்கொண்டு வளைவில் நுழையும்போது முன்பக்கம் கடிக்காது, நேராக வழுக்கிக்கொண்டு போகும். ஒரு துண்டு வைத்து, காகிதம் விட்டுப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது.

நவம்பர் 24

நீங்கள் எழுதியதைப் படித்தேன். இடது ஸ்பிண்டில் புஷ்ஷில் ஆட்டம், வலது டை ராட் முனையிலும் கொஞ்சம். சரி, இரண்டையும் மாற்றிவிட்டு அலைன்மென்ட் பாருங்கள். புஷ் மாற்றாமல் அலைன்மென்ட் பார்ப்பது வீண் வேலை, ஆடுகிற ஸ்கீ ஒவ்வொரு தடவையும் வேறு அளவு காட்டும்.

செய்கிற விதம். டிராக்கின் பக்கவாட்டை ஒட்டி ஒரு நீளமான அலுமினியப் பட்டையை முன்னால் ஸ்கீ வரைக்கும் வையுங்கள், இரண்டு பக்கமும். ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா என்பதை இந்தப் பட்டையை வைத்து முடிவு செய்யுங்கள், கண்ணை நம்ப வேண்டாம். ஸ்கீ நுனிகள் இரண்டையும் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால் சேர்த்து இழுத்துக் கட்டினால் மிச்சமிருக்கிற ஆட்டமெல்லாம் ஒரே பக்கம் போய்விடும். அளவை ஸ்கீயின் பிளாஸ்டிக் விளிம்பிலிருந்து எடுக்காதீர்கள், அது நேராக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கார்பைடிலிருந்து கார்பைடுக்கு, போல்ட்டுக்கு 10 அங்குலம் முன்னால் ஒன்று, 10 அங்குலம் பின்னால் ஒன்று. முன் அளவு பின் அளவைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் அதிகம் இருக்க வேண்டும், அதாவது ஸ்கீ இரண்டும் நுனியில் இம்மி வெளியே பார்க்க வேண்டும். உள்ளே பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும், ஸ்லெட் ஒரு நிமிடம் நேராகப் போகாது.

நவம்பர் 24, கொஞ்ச நேரம் கழித்து

3 முதல் 6 மில்லிமீட்டர் என்றது மொத்தக் கணக்கு, ஒரு ஸ்கீக்கு அல்ல. அதைப் பாதியாகப் பிரித்து இரண்டு டை ராடிலும் திருகுங்கள்.

நவம்பர் 27

இன்னொரு திருத்தம். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முன்பக்கம் தூக்கி வைத்த நிலையில் அலைன்மென்ட் பார்க்காதீர்கள். நேற்று என் ஸ்லெட்டிலேயே அளந்தேன். கட்டை மேல் நிற்கும்போது 5 மில்லிமீட்டர் வெளியே. தரையில் இறக்கி நான் உட்கார்ந்ததும், அளந்த நண்பன் சொன்னது 1 மில்லிமீட்டர். சஸ்பென்ஷன் அழுந்தும்போது டை ராடும் ஸ்பிண்டிலைத் தாங்கும் சஸ்பென்ஷன் தண்டுகளும் வேறு வேறு வட்டத்தில் நகர்வதால் வருகிற வித்தியாசம் இது. போன சீசன் முழுக்க 5 இருக்கிறது என்று நம்பிக்கொண்டு 1இல் ஓட்டியிருக்கிறேன். ஆகவே ஆள் உட்கார்ந்திருக்க, தரையில், சஸ்பென்ஷனை நாலு தடவை அமுக்கி விட்டு, அப்புறம் அளக்க வேண்டும். உடன் ஒரு ஆள் வேண்டும், தனியாக முடியாது.

டிசம்பர் 3

இப்போது ஸ்கீ தேர்வுக்கு வருவோம். நிறையப் பேர் எந்த பிராண்ட் என்றுதான் கேட்கிறார்கள். சி அண்ட் ஏ புரோ, கர்வ், சிம்மன்ஸ், ஸ்லெட்டோடு வருகிற ஒரிஜினல், எல்லாவற்றிலும் ஓட்டி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பார்ப்பது மூன்று: அகலம், கீலின் ஆழம், எத்தனை கீல்.

அகலம் என்பது மிதப்பதற்கு. மலையில் இடுப்பளவு பொடிப்பனியில் ஏறுகிறவர்கள் 8 அங்குலத்துக்கு மேலும் போடுகிறார்கள், அவர்களுக்கு அது வேண்டும். பள்ளத்திலும் ஏரியிலும் ஓடுகிற உங்களுக்கு 6 அங்குலத்தை ஒட்டிய அகலம் போதும். அதற்கு மேல் போனால் எடை கூடும், இறுகிய பனியில் விளிம்பு பழைய தடத்தில் ஏறி இறங்கும்போது ஹேண்டில்பார் வரைக்கும் அடி வரும்.

கீல் என்பது இளகிய பனிக்கு. ஸ்னோகிராஸ் (மேடும் வளைவுமான சிறிய தடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம்) தடத்தைப் பாருங்கள், ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு வளைவெல்லாம் சர்க்கரை மாதிரி உதிர்ந்து கிடக்கும். அதற்குள் இறங்கி அடியிலுள்ள கெட்டிப் பனியைத் தொட ஆழமான கீல் தேவை. ஐஸில் கீலுக்கு வேலையே இல்லை, அது கார்பைடைப் பிடித்துக்கொண்டிருக்கிற கைப்பிடி மட்டும்தான். ஏரிக்காக ஆழமான கீல் வாங்குவது என் கருத்தில் பண விரயம்.

இரட்டைக் கீல் ஸ்கீ பாய்ச்சலைக் குறைக்கும், உண்மைதான். ஒரு தடத்தில் ஒரு கீல் விழுந்தாலும் இன்னொன்று வேறு இடத்தில் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு ஸ்கீயிலும் இரண்டு கார்பைடு, திருப்புவதற்கு அவ்வளவு பலம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சும்மா சுற்றுகிறவருக்கு அருமை. நூறு மைல் பந்தயத்துக்கு என் முன்கை ஒத்துக்கொள்ளவில்லை, உங்கள் கை என்னைவிட வலுவாக இருந்தால் முயன்று பாருங்கள்.

இன்னொன்று, ஸ்கீயின் பிளாஸ்டிக் எவ்வளவு வளைகிறது என்பது. கடையில் நுனியையும் வாலையும் பிடித்து முழங்காலில் வைத்து அமுக்கிப் பார்க்கத் தயங்காதீர்கள். மெத்தென்று வளைகிற ஸ்கீ வேகத்தில் நடுவில் உள்வாங்கும், அப்போது நீங்கள் கராஜில் காகிதம் விட்டுப் பார்த்த கணக்கு தடத்தில் மாறிப்போகும்.

டிசம்பர் 4

ஈகிள் ரிவரில் ஓடுகிற ஓவல் ஸ்லெட்டுக்கு மட்டும் ஏன் குச்சி மாதிரி ஸ்கீ என்று கேட்டவருக்கு. 1964இலிருந்து நடக்கிற பந்தயம் அது, விஸ்கான்சினில், அரை மைல் ஐஸ் வட்டம், இடது பக்கம் மட்டும்தான் திருப்பம். மிதக்க வேண்டிய தேவையே இல்லை. எடை முழுக்க வலது ஸ்கீயில் போய் விழும், அந்த ஸ்கீயின் வேலை சவரக்கத்தி மாதிரி தீட்டிய நீளக் கார்பைடை ஐஸுக்குள் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். ஒரு ஹீட்டுக்கும் (பந்தயத்தின் ஒரு கட்ட ஓட்டம்) அடுத்த ஹீட்டுக்கும் இடையில் தீட்டிக்கொண்டிருப்பார்கள். நேர் எதிராக அலாஸ்காவின் அயர்ன் டாக் நெடுந்தூரப் பந்தயம், 1984இலிருந்து நடக்கிறது, இரண்டாயிரம் மைலுக்கு மேல். அங்கே கூர்மையைவிடத் தேயாமல் ஊர் போய்ச் சேர்வது பெரிது.

டிசம்பர் 14

கார்பைடு. என்னைக் கேட்டால் ஸ்கீக்குச் செலவழிக்கிற யோசனையில் பாதியை இதற்குச் செலவழியுங்கள்.

இரும்புப் பட்டையில் டங்ஸ்டன் கார்பைடுத் துண்டுகளைப் பற்றவைத்திருப்பார்கள். 60 டிகிரி முனை ஆழமாகக் கடிக்கும், கல்லில் பட்டால் சில்லு பெயரும். 90 டிகிரி அவ்வளவு கடிக்காது, அதிக நாள் வரும். பள்ளத்தில் ஓடும்போது வீடுகளுக்குப் போகிற ஜல்லிப் பாதைகள் குறுக்கே வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றிலும் கார்பைடு கொஞ்சம் உயிரை விடும். அதனால் பள்ளத்துக்கு 90, ஏரிக்கு 60, இரண்டு ஜோடி. பட்டையை மாற்றுவது நட்டைக் கழற்றி மாட்டுகிற வேலைதான், பழகினால் இரண்டு ஸ்கீக்கும் கால்மணி நேரம்.

நீளத்தைப் பின்னாலுள்ள டிராக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். என் டிராக்கில் 96 ஸ்டட் (ஐஸைக் கடிக்கும் முள்) இருந்தபோது 6 அங்குல கார்பைடு பொருந்தியது. ஸ்டட்டே இல்லாத டிராக்குக்கு 8 அங்குலம் போட்ட நண்பன் முதல் ஏரி வளைவிலேயே சுற்றிக்கொண்டான், முன்பக்கம் பிடித்துவிட்டது, பின்பக்கம் பிடிக்க ஒன்றும் இல்லை. ஸ்டட் நிறைய, கார்பைடு கம்மி என்றால் நேர் எதிர், ஹேண்டிலைத் திருப்பினாலும் ஸ்லெட் நேராகவே தள்ளிக்கொண்டு போகும்.

கூர்மையைப் பார்க்க விரல் நகத்தின் மேல் வைத்து லேசாக இழுங்கள். நகத்தைச் சீவி வெள்ளைப் பொடி வந்தால் கூர். வழுக்கினால் மழுங்கல். அரிவாள்மணையைச் சோதிக்கிற மாதிரிதான், அதில் காய் நறுக்கி வளர்ந்த கைக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

டிசம்பர் 15

தீட்டுகிறவர்களுக்கு: சாதாரணச் சாணைக்கல் கார்பைடைத் தொடாது, இரும்பை மட்டும் தின்னும். வைரச் சக்கரமோ பச்சை நிற சிலிக்கான் கார்பைடு சக்கரமோ வேண்டும். லேசாக, விட்டு விட்டு. சூடேறினால் தண்ணீரில் முக்க வேண்டாம், கார்பைடு விரிசல் விடும். காற்றில் ஆறட்டும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, மறுநாள் ஏரியில் 130 கிலோமீட்டரில் துண்டு கழன்றுபோகும்போதுதான் தெரியும்.

டிசம்பர் 28

பாய்ச்சல் போய்விட்டது, ஆனால் வலது வளைவில் மட்டும் வழுக்குகிறது என்கிறீர்கள். எடை பாருங்கள். குளியலறை எடைக்கருவி இரண்டு, ஒவ்வொரு ஸ்கீ போல்ட்டுக்கு அடியில் ஒன்று. அதே உயரத்துக்கு டிராக்குக்கு அடியில் பலகை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எண் பொய் சொல்லும். ஓட்டுகிற ஆள் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து நேராகப் பார்க்க வேண்டும், குனிந்து எண்ணைப் படிக்கக் கூடாது. எனக்கு இடது 49 கிலோ, வலது 44 வந்தது. வலது வளைவில் இடது ஸ்கீதான் வெளிப்பக்கம், பாரம் தாங்குவது அது. உங்களுக்கு இடது பக்கம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். முன் ஷாக்கின் ஸ்பிரிங்கை அந்தப் பக்கம் அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் குறைவாக இருந்தால் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், டிராக் சஸ்பென்ஷனின் முன்பக்கத்தில் இருக்கிற லிமிட்டர் ஸ்ட்ராப்பை (சஸ்பென்ஷன் எவ்வளவு விரியலாம் என்று கட்டுப்படுத்தும் வார்) ஒரு துளை சுருக்குங்கள். முன்பக்கம் கீழே இறங்கி எடை ஸ்கீக்கு வரும். ஒரே ஒரு துளை. இரண்டு சுருக்கினால் ஸ்டியரிங் கனத்து, கிளம்பும்போது டிராக் பிடிக்காமல் சுற்றும்.

ஸ்ட்ராப்பை மாற்றிய பிறகு காகிதத்தையும் அலைன்மென்டையும் மறுபடி பார்க்க வேண்டும், முன்பக்க உயரம் மாறிவிட்டது அல்லவா.

ஜனவரி 12

உங்கள் பந்தயத்துக்கு வந்திருந்தேன், தொப்பி, முகமூடியில் அடையாளம் தெரிந்திருக்காது. காலையில் மைனஸ் 27 டிகிரி செல்சியஸ். ஏரியில் பனி ஒட்டவில்லை, காற்று பெருக்கித் தள்ளி, வளைவெல்லாம் நீல ஐஸ். பிட்டில் (ஸ்லெட்டைத் தயார் செய்கிற இடம்) பாதிப் பேர் நேற்றுப் பள்ளத்தில் பயிற்சி ஓடிய அதே கார்பைடோடு வரிசையில் நின்றார்கள். நீங்கள் மட்டும் ஸ்லெட்டைச் சாய்த்து வைத்து, கையுறையைக் கழற்றிவிட்டுப் புதுப் பட்டைக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நட்டு கைநழுவிப் பனியில் விழுந்தது, முழங்காலிட்டுத் தேடி எடுத்து, வாயில் வைத்துச் சூடாக்காமல் அக்குளில் வைத்துச் சூடாக்கினீர்கள் பாருங்கள், அந்தக் குளிரில் உதட்டில் வைத்தால் தோலோடு வந்துவிடும் என்பதை யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது சுற்றில் வடக்கு வளைவில் உங்களுக்கு முன்னால் போன இரண்டு பேரும் அகலமாக வழுக்கி விலகினார்கள், நீங்கள் உட்பக்கமாகவே போனீர்கள். பழைய ஸ்கீதான் அது. வாங்கியபோது ஸ்லெட்டோடு வந்த அதே ஸ்கீ.

ஜனவரி 13

ஒன்று மாற்றிச் சொல்ல வேண்டும். ஏரிக்கு ஆழமான கீல் பண விரயம் என்று டிசம்பரில் எழுதினேன். நேற்று பின்மதியம் பார்த்தது வேறு. முப்பது நாற்பது ஸ்லெட் ஸ்டட்டோடு ஓடி ஓடி, வளைவின் வெளிப்பக்கத்தில் அரைத்த ஐஸ் தூள் கணுக்கால் உயரத்துக்குச் சேர்ந்துவிட்டது. கடைசிப் பிரிவில் ஓடியவர்களில் கொஞ்சம் ஆழமான கீல் போட்டவர்கள் அந்தத் தூளுக்குள்ளும் திரும்பினார்கள், மற்றவர்கள் மிதந்து வெளியே போனார்கள். காலைப் பிரிவுக்கு நான் சொன்னது சரி. கடைசிப் பிரிவுக்குச் சரியில்லை. ஓடுகிற நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9

இப்போது வாங்கலாம். ஸ்லெட்டில் ஆட்டம் இல்லை, அளவெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது, பழைய ஸ்கீயின் அடி தேய்ந்து கீலின் பக்கம் உருண்டுவிட்டது. 6 அங்குல அகலம், ஒற்றைக் கீல், நடுத்தர ஆழம், வளையாத வகை. சேடில் (ஸ்கீயை ஸ்பிண்டிலோடு இணைக்கும் பிடி) உங்கள் ஸ்பிண்டிலுக்குப் பொருந்துகிறதா என்று மாடல் ஆண்டு சொல்லிக் கேட்டு வாங்குங்கள், ரப்பர் ஒவ்வொரு ஸ்லெட்டுக்கும் வேறு. மாட்டியதும் பழைய கணக்கு செல்லாது, மறுபடி காகிதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பழைய ஜோடியை எறிய வேண்டாம், பனி குறைந்த நவம்பரில் பழகுவதற்கு அதுதான் நல்லது. ரப்பரையும் போல்ட்டையும் அதனோடேயே கம்பி போட்டுக் கட்டி வையுங்கள், ரப்பரின் பின்பக்கத்தில் "ஷிம் இங்கே" என்று வெள்ளை மார்க்கரால் எழுதி.